ஒரு மா, இருமா, மும்மா: சேலத்தில் நான்கு நாள்

முதல் நாள், அம்மாபேட்டை

ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏற்காட்டுக்குப் போகாது. மலையின் பெயரை வைத்துக்கொண்டு, அடிவாரத்து ஊரை அரைத்தூக்கத்தில் தொட்டுவிட்டு, ஈரோட்டில் போய்ப் படுத்துக்கொள்ளும். நேற்று இரவு சென்ட்ரலில் ஒரு குடும்பம், "நேரா மலைக்கு மேலயே இறக்கி விட்டுருவாங்கல்ல?" என்று டிக்கெட் பரிசோதகரிடம் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் ஒரு சொல்லை நம்பித்தான் வண்டி ஏறியிருந்தேன்.

கதை இதுதான். சேலத்தில் என் பெரியம்மா வீடு. பெரியப்பா தஞ்சாவூர்ப் பக்கம். இரும்பாலையில் வேலை கிடைத்து வந்தவர், ஓய்வு பெற்ற பிறகும் ஊர் திரும்பவில்லை. போன மாதம் வாட்ஸப்பில் ஒரு செய்தி அனுப்பினார். உலகத்தில் எந்த மொழியிலும் 'மா' என்றால் தாய்தான், ஆகவே எல்லா மொழிக்கும் தாய் தமிழ்தான், இதைப் பத்துப் பேருக்கு அனுப்பவும். நான் அந்தப் பத்தில் ஒருத்தி. சும்மா இருந்திருக்கலாம். ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா, அம்மாவுக்கு 'தேதா' என்று பதில் போட்டுவிட்டேன். மூன்று நாள் பேச்சில்லை. நாலாம் நாள் ஃபோன் வந்தது: "மாம்பழ சீசன் வந்துருச்சு. நேர்ல வா, பேசிக்கலாம்."

நான் மெய்ப்புப் பார்ப்பவள். ஒற்று விடுபட்டால் தூக்கம் வராத ஜாதி. வந்துவிட்டேன்.

ஜங்ஷனில் இறங்கியபோது இன்னும் விடியவில்லை. "கொஞ்சம் வழி விடும்மா" என்றபடி ஒருவர் தலைச்சுமையோடு கடந்தார். இந்த ஊரில் கேட்ட முதல் 'மா' அது. 'அம்மா' தேய்ந்து வாலாக ஒட்டிக்கொண்டது. பெண்பிள்ளைக்கும் பாட்டிக்கும் பொது; அப்பா மகளைக் கூப்பிடுவதற்கும், காவலர் அதட்டுவதற்கும்கூட. குரலை வைத்துத்தான் பாசமா மிரட்டலா என்று தெரியும்.

வெளியே ஆட்டோவின் முன்கண்ணாடியில் இரண்டாவது 'மா' காத்திருந்தது. பச்சை எழுத்தில், தமிழில், 'மாஷா அல்லா'. ஓட்டுநருக்கு வீட்டில் பேசுவது உருது. "எங்க வூட்ல மா சொன்னா அம்மாதான்க்கா. இது அது இல்ல, இது அரபி" என்றார். சரியாகத்தான் சொன்னார். 'மா ஷா அல்லாஹ்' என்பதில் வரும் 'மா'வுக்கு 'எது' என்று பொருள்: இறைவன் எதை நாடினானோ அது. அதே அரபியில் அதே 'மா' சில இடங்களில் 'இல்லை' என்றும் ஆகும். கொஞ்சம் தொண்டையில் நிறுத்தி முடித்தால் தண்ணீர். கேள்வி, மறுப்பு, தண்ணீர். பாலைவனத்துக்காரர்களுக்கு மூன்றும் தேவைதான் என்று தோன்றியது. தோன்றியதே தவிர, அதில் ஒரு காரணமும் கிடையாது. இந்த மாதிரி அழகாகத் தோன்றுவதை எல்லாம் காரணம் என்று நம்பித்தான் பெரியப்பா கெட்டுப்போனார்.

அம்மாபேட்டையில் பெரியம்மா வீட்டுக்கு இரு பக்கமும் தறிக்காரர்கள். ஒரு வீட்டில் சௌராஷ்டிரம், ஒரு வீட்டில் கன்னடம், தெருவில் எல்லோருக்கும் தமிழ். கன்னடம் பேசும் வீட்டுப் பாட்டி, நான் போயிருந்தபோது, பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்த பேத்தியைப் பற்றிச் சொன்னார். பெரியம்மா அந்தப் பெண்ணிடம், "உள்ள போய் பாட்டிகிட்ட கொஞ்சம் மாவு வாங்கிட்டு வா கண்ணு" என்று அனுப்பியிருக்கிறார். இட்லி மாவு தீர்ந்துபோன அவசரம். குழந்தை இரண்டு கையிலும் இரண்டு மாம்பழத்தோடு ஓடி வந்திருக்கிறது. கன்னடத்தில் மாவு என்றால் மாமரம், மாங்கனி. அரைத்த மாவுக்கு அங்கே 'ஹிட்டு'. "தப்பே இல்லீங்க, புள்ள சரியாத்தான் எடுத்துட்டுப் போச்சு" என்றார் பாட்டி.

தமிழிலும் மாவு முதலில் வெறும் 'மா'தான். இலங்கைத் தமிழர் இன்றைக்கும் கோதுமை மா, அரிசி மா, இடியப்ப மா என்றுதான் சொல்வார்கள். நாம்தான் பின்னால் ஒரு 'வு' சேர்த்துக்கொண்டோம். அந்த 'வு' இல்லாவிட்டால், சேலத்தில் 'மா வாங்கிட்டு வா' என்று ஆளை அனுப்பினால் பழமண்டிக்குப் போவதா மாவு மில்லுக்குப் போவதா என்று முழிக்க வேண்டியிருக்கும்.

சாயங்காலம் மொட்டை மாடியில், ஜவ்வரிசி வடகம் காய்ந்துகொண்டிருந்த வெள்ளை வேட்டியின் ஓரத்தில் பெரியப்பாவோடு முதல் சுற்று நடந்தது. அவருடைய கட்சி: குழந்தை முதலில் சொல்வது 'மா', அது தமிழ். என்னுடைய கட்சி: குழந்தை சொல்வது எந்த மொழியும் இல்லை. உதட்டை மூடித் திறந்தால் வரும் ஒலி அது. பால் குடிக்கும்போதே மூக்கு வழியாக 'ம்ம்' என்று முனகும் குழந்தைக்கு அதைவிடச் சுலபமான ஒலி இல்லை. ரோமன் யாக்கப்சன் என்ற மொழியியலாளர் 1960-இல் இதைத்தான் விளக்கினார். மர்டாக் என்பவர் உலக மொழிகளிலிருந்து திரட்டிய 1,072 தாய்தந்தைப் பெயர்கள் அவருக்குக் கையில் இருந்தன. அம்மாவைக் குறிக்கும் பெயர்களில் மூக்கொலி தூக்கலாக இருக்கிறது. குழந்தை உளறுகிறது; பக்கத்தில் இருக்கும் பெரியவர்கள், என்னைத்தான் கூப்பிடுகிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஜார்ஜியாவில் அப்பாக்கள் முந்திக்கொண்டார்கள் போலும்.

"அப்ப அந்தக் குழந்தைக்கு அர்த்தம் தெரியாதுங்கற?"

"பெரியவங்க குடுக்கற வரைக்கும் தெரியாது."

பெரியப்பா வடகத்தைத் திருப்பிப் போட்டார். பதில் வரவில்லை. கீழே இறங்கும்போது மட்டும், "எங்களுக்கு ஊர்ல ஆறு மா இருந்துச்சு. அது எந்தக் குழந்தை உளறினது?" என்று கேட்டார்.

அது நியாயமான கேள்வி. நாளைக்குப் பதில் சொல்கிறேன்.

இரண்டாம் நாள், மலைப்பாதை

ஆறு மா என்றால் இரண்டு ஏக்கர். தஞ்சாவூர் டெல்டாவில் நிலத்தை இன்னும் மாவில் சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஒரு வேலி ஏறத்தாழ ஆறே முக்கால் ஏக்கர் என்பதால் மூன்று மா சேர்ந்தால் ஏக்கர் கணக்கு வந்துவிடும். சேலத்தில் இது செல்லாது. பெரியப்பா இங்கே வந்த புதிதில், மாமரம் எத்தனை என்று கேட்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துப் பதில் சொன்னவர்கள் உண்டாம். பிற மொழிவரை போக வேண்டாம், தமிழ்நாட்டுக்குள்ளேயே சில மணி நேர பஸ் பயணத்தில் ஒரு சொல் செல்லாக்காசு ஆகிவிடுகிறது.

இந்த மா ஏன் மா? வேலியில் இருபதில் ஒரு பங்கு அது. 'மா' என்பது தமிழ்ப் பின்னத்தில் 1/20. காலுக்கும் அரைக்காலுக்கும் கீழே நம் ஆட்கள் வைத்திருந்த படிகளைப் பார்த்தால் தலை சுற்றும். முந்திரி என்றால் 1/320, காணி என்றால் 1/80, மா 1/20. மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி: 4/80-உம் 1/80-உம் சேர்ந்து 5/80, அதாவது 1/16. பெயரைக் கூட்டினால் கணக்கும் கூடிவிடுகிறது. இந்தப் பின்னக் குறிகள் யூனிகோடுக்குள் நுழைந்தது 2019-இல்தான். அதுவரை பழைய கணக்குச் சுவடிகளை அச்சுக்கோக்கும்போது படம் வரைந்து ஒட்டினோம். அந்த வயிற்றெரிச்சல் தனி.

இதையெல்லாம் நான் பஸ்ஸில் உட்கார்ந்துதான் பெரியப்பாவிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரம் வந்தது. கூட அவருடைய பேரன்; சீனாவில் மருத்துவம் படித்து வந்தவன், என்னை அத்தை என்பான். பின் சீட்டில் தெலுங்குக் குடும்பம். அண்ணன் தம்பி இருவரும் ஜன்னலுக்கு அடித்துக்கொண்டார்கள். பெரியவன் எதிர்ச் சீட்டுப் பையனைப் பார்த்து, "இதி மா சீட்டு!" என்று கத்தினான்.

மூன்றாவது கட்சி கிடைத்துவிட்டது. தெலுங்கில் 'மா' என்றால் 'எங்கள்'. உன்னைச் சேர்க்காத எங்கள். கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் 'மன'. நம்முடைய எங்கள், நம் போலத்தான். அந்தத் தாய் எதிர்ச் சீட்டுப் பையனைக் கூப்பிட்டு நடுவில் உட்கார வைத்து, "மன சீட்டு ரா" என்றாள். சண்டை அதோடு முடிந்தது. இலக்கண வகுப்பில் முக்கால் மணி நேரம் எடுக்கும் பாடம் இது.

அப்போதுதான் முதல் கொண்டை ஊசி வளைவு வந்தது. பலகையில் 1/20.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் 20 வளைவு. நான் எத்தனையோ தடவை ஏறியிருக்கிறேன், ஒருநாளும் உறைக்கவில்லை. பெரியப்பா பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஒரு மா" என்றார்.

அடுத்த வளைவு. "இருமா." அடுத்தது. "மும்மா." நாலுமா. ஐந்தாவது பலகைக்கு முன்னாடியே, "கால்!" என்று சீட்டில் தட்டினார். 5/20. அப்புறம் அவர் சின்ன வயசு வாய்பாடு தானாக ஓட ஆரம்பித்தது. காலே ஒருமா, காலே இருமா, காலே மும்மா. பத்தாவது வளைவில் அரை. பஸ் திணறி முதல் கியருக்கு மாறும்போதெல்லாம் அவரும் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டார். முக்காலில் காதடைத்தது. முக்காலே நாலுமாவில் தெலுங்குப் பையன் வாந்தி எடுத்தான். இருபதாவது வளைவில், "ஒரு வேலி ஏறியாச்சு" என்று பெரியப்பா அறிவித்தார். கண்டக்டர், "என்னங்க பெரியவரே, எறங்கறீங்களா?" என்று கேட்டார்.

இந்த மாவுக்கும் அம்மாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மாமரத்துக்கும் இல்லை. ஒரே சட்டை போட்ட வேறு வேறு ஆட்கள். பெரியப்பா இதை ஒப்புக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன்; வளைவு எண்ணிய சந்தோஷத்தில் அவர் எதையும் ஒப்புக்கொள்ளும் நிலையில் இருந்தார்.

தங்கியது ஒரு காப்பித் தோட்டத்து வீடு. சவுக்குபோல் ஓங்கிய சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி, அடியில் காப்பிச் செடி. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து நட்ட பயிரின் வம்சம். சாயங்காலம் மூடுபனி இறங்கி, எதிரே இருந்த மரம்கூடத் தெரியவில்லை. ஜப்பானியத்தில் 'மா' என்றால் இடைவெளி: இரண்டு ஒலிக்கு நடுவே, இரண்டு பொருளுக்கு நடுவே வேண்டுமென்றே விட்ட இடம். பெரியப்பா பேச்சில் அது இருந்ததே இல்லை.

பேரன் சீனத்துக்கு வந்தான். அங்கே மா ஒன்றல்ல; குரலின் எடுப்பு மாறினால் சொல்லே மாறிவிடும். நேராக நீட்டிச் சொன்னால் அம்மா. ஏற்றிச் சொன்னால் சணல். இறக்கி ஏற்றினால் குதிரை. வெட்டி இறக்கினால் திட்டுவது. எடுப்பே இல்லாமல் வாக்கியக் கடைசியில் போட்டால் கேள்விக்குறி. இவன் முதல் வருடத்தில், வார்டில் ஒரு நோயாளியிடம் "உங்கள் அம்மா வந்தாரா" என்று கேட்க நினைத்துக் குதிரையை விசாரித்திருக்கிறான். அந்த ஆள் கோபப்படவில்லை, வெளியே எட்டிப் பார்த்தாராம்.

வியட்நாமியத்தில் ஆறு எடுப்பு. அதில் மா பேய், அம்மா, ஆனால், கல்லறை, குதிரை, நாற்று என்று மாறும். தென்பக்கம்தான் அம்மாவுக்கு அந்தச் சொல். பொதுவாகக் கன்னம் என்றும் பொருள். பெரியப்பா நாற்றில் நிமிர்ந்தார். "எப்பேர்ப்பட்ட நாத்து? நெல் நாத்தா?" நெல் நாற்றுதான். "அப்ப மா நிலத்துல மா நட்டிருக்கான்" என்று அன்றைய கணக்கை முடித்துக்கொண்டு படுக்கப் போனார். பேரன் விளக்கணைத்த பிறகு சொன்னான்: தாய்லாந்தில் வெறும் 'மா' என்றால் 'வா', ஏற்றிச் சொன்னால் நாய். விருந்தாளியை அழைக்கும்போது ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

மூன்றாம் நாள், சேர்வராயன் கோவில்

மழை வரும்போல் இருந்தது, வரவில்லை. சேர்வராயன் கோவில் மலையின் உச்சிச் சமவெளியில் இருக்கிறது. குனிந்து போகும் குகைதான் கருவறை. உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். குகை காவிரி வரை போகிறது என்பது இங்குள்ள நம்பிக்கை. மே மாதத் திருவிழா முடிந்து போய், தோரணத்து மாவிலை சருகாகத் தொங்கியது.

வெளியே டீக்கடை. கேரளாவிலிருந்து வந்த தம்பதி, கடைக்காரரிடம் ஊர் விசாரித்தார்கள். அவர், "நாங்க இந்த மலைதாங்க. மலையாளி" என்றார். அந்த அம்மாவுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். "ஞங்ஙளும் மலையாளிகளா!" என்று கடகடவென்று மலையாளத்தில் ஆரம்பித்துவிட்டார். கடைக்காரர் பாய்லரைப் பிடித்தபடி நின்றார். சேர்வராயன் மலையின் மலையாளிகள் தமிழ் பேசும் பழங்குடிகள். மலையை ஆள்பவர் என்ற பொருளில் மலையாளி. காஞ்சிபுரத்திலிருந்து மூன்று சகோதரர்கள் புறப்பட்டு மூன்று மலைக்குப் போனார்கள், மூத்தவர் இங்கே வந்தார் என்பது அவர்களுடைய வழிவழிக் கதை. கேரளத்து மலையாளி ஒரு மொழிக்காரர். இந்த மலையாளி ஒரு மலைக்காரர். இருவரும் மற்றவர் சொல்லைத் திருடவில்லை.

பேச்சு மாம்பழத்துக்கு வந்ததும் பெரியப்பா சும்மா இருப்பாரா? ஆங்கிலத்தின் 'மாங்கோ' நம் மாங்காய்தான் என்றார். கேரளத்துக்காரர் அது எங்கள் 'மாங்ங' என்றார். போர்த்துக்கீசியர் மலபார்க் கரையில் இறங்கி 'மாங்கா' என்று எடுத்துப் போனார்கள், அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் வாங்கினார்கள்; அந்தக் கணக்கில் மலையாளத்துக்கே முதல் உரிமை என்று நான் தீர்ப்புச் சொன்னேன். மலாய்க்காரர்கள் சொல்லும் 'மங்கா' மட்டும் தமிழ் மாங்காயிலிருந்து போனது என்று ஆறுதலுக்குச் சேர்த்தேன். பெரியப்பா என்னை யார் கட்சி என்பதுபோல் பார்த்தார். அந்த அம்மா சமாதானத்துக்கு, மலையாளத்தில் 'மாவ்' என்றால் மாமரமும்தான், தோசை மாவும்தான் என்றார். மரத்தைக் கரைத்துத் தோசை ஊற்றியவர் யாரும் இல்லை. இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறார்கள்.

திரும்பும் வழியில் ஒரு பாட்டி இரண்டு மாடும் ஒரு கன்றுமாக எதிரே வந்தார். கன்று தாயைக் காணாமல் கத்தியது. பெரியப்பா என் தோளைத் தட்டி, "கேளு, அதுவும் மாதான்" என்றார். நான் எதிர்க்கவில்லை. ஏனென்றால் அவர் அறியாமலே சரியான இடத்தில் கை வைத்திருந்தார். பழந்தமிழில் மா என்றால் விலங்கு. சங்கப் பாட்டில் குதிரைக்கும் யானைக்கும் மா என்று வரும். 'மாவும் மாக்களும் ஐயறி வினவே' என்கிறது தொல்காப்பியம். மக்களுக்கு அறிவு ஆறு, மாக்களுக்கு ஐந்து. நடுவில் ஒரு துணைக்கால்தான் வித்தியாசம்.

அந்தக் கால் என் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது. பல வருடம் முன்பு ஒரு தலைவர் பேசிய பொதுக்கூட்டச் செய்தி. 'மக்கள் வெள்ளம்' என்பது 'மாக்கள் வெள்ளம்' என்று அச்சாகிவிட்டது. நான் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பக்கம். காலையில் அலுவலகத்தில் ஒரே கூச்சல். ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, "ஒரு காலை எடுக்காம விட்டீங்களேம்மா" என்றார். அந்த 'ம்மா' பாசம் இல்லை.

மாவுக்குப் பொருள் அடுக்கினால் அகராதியில் பக்கம் போகும். மாநகரம், மாநாடு, மாமலை என்பதில் பெரிய. சேலம் மாநகராட்சி ஆனபோது நகராட்சிக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது அந்த மாதான். மாநிலம் என்றால் பெரிய நிலம், அதாவது உலகம். இப்போது அது தலைமைச் செயலகம் இருக்கும் நிலமாகச் சுருங்கிவிட்டது. மாக்கடல், மாமேனி என்று பாட்டில் வந்தால் உரைகாரர் 'கரிய' என்பார். மாயோன் அதில் வந்தவன். நியூசிலாந்து மாவோரிகளின் மொழியில் 'மா' என்றால் வெள்ளை. ஒரே எழுத்து, இங்கே கறுப்பு, அங்கே வெளுப்பு. நேற்று முன்தினம் இதைச் சொல்லியிருந்தால் பெரியப்பா, "பிரிஞ்சு போனப்ப நிறம் மாறிருச்சு" என்றிருப்பார். இன்று, "சும்மா அமைஞ்சதா?" என்று மட்டும் கேட்டார்.

சும்மா அமைந்ததுதான். மனித வாய்க்குச் சுலபமான ஒலி கொஞ்சம். மொழிகளோ ஆயிரக்கணக்கில். ஒரே எழுத்தில் முடியும் சொல் என்றால் மோதாமல் இருந்தால்தான் ஆச்சரியம். நன்னூல் தமிழில் மட்டும் ஓரெழுத்து ஒருமொழி 42 என்று எண்ணி வைத்திருக்கிறது. ம வரிசையில் மட்டும் ஆறு. சில சமயம் ஒலியோடு பொருளும் தற்செயலாக ஒத்துப்போவதுண்டு. ஆஸ்திரேலியாவில் ம்பாபரம் என்ற பழங்குடி மொழியில் நாய்க்குப் பெயர் 'டாக்'. ஆங்கிலேயரிடம் வாங்கியதில்லை, அது அவர்கள் மொழியிலேயே படிப்படியாகத் திரிந்து வந்த சொல். கேட்ட மொழியியலாளரே முதலில் நம்பவில்லை.

பெரியப்பா வெகுநேரம் பேசவில்லை. ஏரிக்கரையில் வறுத்த கடலை வாங்கிக்கொடுத்தார்.

நான்காம் நாள், இறக்கம்

காலையில் நடக்கப் போனவளுக்கு வழியில் ஒரு வயதான கன்னியாஸ்திரீ கிடைத்தார். இளவயதில் பிரெஞ்சு படித்தவர். பிரெஞ்சில் 'மா' என்றால் 'என்', பெண்பாலுக்கு. 'மா மேர்' என்றால் என் அம்மா. "ஆனா என் தோழின்னு சொல்ல 'மா' வராதும்மா, 'மோன்' தான் வரும். தோழிங்கற சொல் அங்க உயிரெழுத்துல ஆரம்பிக்குதே, ரெண்டு உயிர் முட்டிக்கும்" என்றார். பெண்ணைக் கூப்பிட ஆண்பால் சொல், காதுக்காக. இரண்டு உயிருக்கு நடுவே ஒரு மெய்யைச் சேர்த்துச் சமாளிக்கும் நம் உடம்படுமெய் எவ்வளவோ மேல் என்று நினைத்துக்கொண்டேன். அவர் சொன்ன 'வராதும்மா'வை அவர் கவனிக்கவில்லை.

இறங்கும்போது பெரியப்பா வளைவுகளை எண்ணவில்லை, தூங்கிவிட்டார். நான் இத்தாலியத்தில் 'ஆனால்', ஹங்கேரியனில் 'இன்று', போலிஷில் 'வைத்திருக்கிறான்', ஃபின்னிஷில் நீட்டிச் சொன்னால் 'நாடு', என்று நோட்டில் மீதியை எழுதி முடித்தேன்.

வீட்டில் பெரியம்மா பட்டியலைப் பார்த்துவிட்டு, "தாயார விட்டுட்டியே" என்றார். வடமொழியில் மா என்றால் லட்சுமி. மாதவன் அவள் கணவன். அதே வடமொழியில் மா என்றால் 'வேண்டாம், செய்யாதே' என்றும் உண்டு. வால்மீகியின் வாயிலிருந்து முதலில் வந்த சுலோகமே 'மா நிஷாத' என்றுதான் தொடங்குகிறது. கிரௌஞ்சப் பறவையைக் கொன்ற வேடனுக்குச் சாபம். ஒரு காவியம் சாபத்திலா தொடங்கலாம் என்று வைணவ உரைகாரர்கள் அதையே 'திருமகள் உறைபவனே' என்று பிரித்து மங்களமாக்கினார்கள். "அர்த்தம் மனசுல இருக்குடி" என்றார் பெரியம்மா. நான்கு நாள் சண்டையில் அவர் பேசியது இவ்வளவுதான்.

சாயங்காலம் சின்னக்கடை வீதி. மல்கோவா உருண்டு திரண்டு, நாரில்லாமல், கையில் கனத்தது. இமாம்பசந்த், செந்தூரா, குண்டு. "கல்லு வெச்சுப் பழுக்க வெச்சதில்லைங்க, வைக்கோல்ல போட்டது. மோந்து பாருங்க" என்று கடைக்காரர் ஒன்றைக் காம்போடு நீட்டினார். பக்கத்தில் மூக்கு வளைந்த பழம் குவிந்திருந்தது. எங்கள் ஊரில் கிளிமூக்கு. இங்கே பெங்களூரா. பெங்களூரிலோ தோதாபுரி, இந்தியில் தோதா என்றால் கிளி. மாவுக்கு நேர் எதிர்க் கதை, ஒரு பழம் ஊருக்கு ஊர் பெயர் மாற்றிக்கொள்கிறது. பெரியப்பா, "எல்லா மாவும் தமிழ்ல இருந்து போகலைன்னு வெச்சுக்கோ. ஆனா அத்தனை மாவும் ஒரே மொழிக்குள்ள வேற எங்க இருக்கு, சொல்லு?" என்றார். வியட்நாமை நினைவுபடுத்தினேன். "அதுல எடுப்பு இருக்கு. நம்ம மா எடுப்பே இல்லாம நிக்குது." இதற்கு என்னிடம் பதில் இல்லை. இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். பழத்துக்கு அவர்தான் காசு கொடுத்தார்.

மல்கோவா ஒரு பெட்டி. கடைப் பையன் பெட்டியின் மேல் கறுப்பு மார்க்கரில் என் பெயரை எழுதி, அதன் கீழே 'சேலம் மா' என்று போட்டான். விலாசத்தில் மாவட்டத்துக்கு நாம் போடும் மாவா, மாம்பழமா? அவனைக் கேட்டிருக்கலாம். அதற்குள் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டான்.

இரவு வண்டி. சீட்டுக்கு அடியில் பெட்டியைத் தள்ளும்போது மறுபடி கண்ணில் பட்டது. புள்ளி வைத்தால் மாவட்டம். விட்டுவிட்டால் மாம்பழம். கைப்பையில் சிவப்புப் பேனா இருந்தது. எடுத்து மூடியைத் திறந்தேன். பெரியப்பா பிளாட்ஃபாரத்தில் நின்றபடி ஜன்னல் கம்பி வழியாகக் குனிந்து பெட்டியைப் படித்தார்.

"வெச்சுராதம்மா" என்றார். வண்டி நகர்ந்தது.